நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய ஓடையிலும் கிணற்றிலும் அளவு பிசகினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, மணலுக்கும் களிமண்ணுக்கும் மணற்கல்லுக்கும் அடியில் கிடக்கிறது. அதற்கும் அடியில், மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நீர் நிறைந்த மணற்படுகை இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தளத்தைப் பொத்துக்கொண்டு நீர் பீறிடும் என்பதால், 1961இல் நிலக்கரிப் படிவம் முதன்முதலாகத் திறக்கப்பட்ட காலந்தொட்டு, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். குழிக்குள் சேரும் மழைநீரும் ஊற்றுநீரும் தனியாக இறைக்கப்பட்டு வாய்க்கால்கள் வழியே வெளியேறுகின்றன. பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று அந்த நீர் போகும் பாதையெங்கும் பாசனம் நடக்கிறது. ஆகவே இங்கே நீரைக் கண்காணிப்பவர், கிணற்றில் மட்டம் என்ன ஆகிறது என்பதையும், ஓடையிலும் கிணற்றிலும் தரம் என்ன ஆகிறது என்பதையும் இரு வேறு கேள்விகளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரி எடுக்கும் களப்பணியாளர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், தங்கள் ஊர்த் தண்ணீரைத் தாங்களே அளந்து பதிவு செய்யத் தொடங்கியிருக்கும் ஊர்க்குழுக்களுக்கும் பயன்பட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். பிசகான ஓர் எண், அதே பதிவேட்டில் உள்ள சரியான நூறு எண்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். கிணறு வற்றிப்போன குடும்பங்களின் நியாயமான முறையீடு, அப்படிப்பட்ட ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி ஒரே அமர்வில் ஒதுக்கிவைக்கப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு, விசித்திரமான அளவு எதைக் கண்டாலும் கருவி, மாதிரிப் புட்டி, அளந்த இடம், ஆய்வகக் கணக்கு என்ற வரிசையில் சோதித்து, இவை நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே சுரங்கத்தைப் பற்றிப் பேசுவது என்று வைத்திருக்கிறேன். சோதனையில் பிழை தெரிந்தாலும் முதலில் எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுத வேண்டும்.

அறிகுறி: பிஎச் மீட்டரின் எண் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது

மின்முனையை, பிஎச் அளவு முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் திரும்ப வைத்துப் பாருங்கள். அங்கேயும் எண் மெதுவாக ஊர்ந்தால் மின்முனைக்கு வயதாகிவிட்டது, அல்லது காய்ந்துபோயிருக்கிறது என்று பொருள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துச் சேமிப்பதே பல மின்முனைகள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் சேமிக்க வேண்டும். பஃபரில் எண் சட்டென்று நின்று ஓடையில் மட்டும் நகர்ந்தால் மின்முனை நன்றாகத்தான் இருக்கிறது. உப்பு மிகக் குறைந்த நீரில் அளக்கிறீர்கள் என்பதே காரணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிந்தைய ஓடை நீர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஓடும் நீரில் நேராக முக்காமல், வாளியில் அள்ளி அசையாமல் வைத்து, ஐந்து நிமிடம் வரை பொறுத்துப் படிக்க வேண்டும். எதிர்பார்க்கும் அளவு 7க்குக் கீழே இருக்குமானால் 7, 4 ஆகிய இரண்டு பஃபர்களிலும் சரிபார்க்க வேண்டும். 7இல் மட்டும் சரிபார்த்துவிட்டு 4.8 என்று எழுதுவதற்கு மதிப்பில்லை.

அறிகுறி: பிடிக்கும்போது தெளிவாக இருந்த நீர் மாலைக்குள் செந்நிறமாகிறது, களத்து பிஎச்சும் ஆய்வகத்து பிஎச்சும் ஒத்துவரவில்லை

இந்த அறிகுறியை முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், வீட்டு வாசலில் போர் போட்டிருந்த ஓர் அம்மா. “காலையில புடிக்கும்போது கண்ணாடி மாரி இருக்குது தம்பி. சாயங்காலம் பாரு, கொடத்துக்கு அடியில செங்காவி படிஞ்சு கெடக்கும்” என்று சொல்லி, குடத்தைச் சரித்துக் காட்டினார். அடியில் விரல் வைத்தால் ஒட்டும் அளவுக்குச் செம்மஞ்சள் வண்டல் இருந்தது. நான் காலையில் எடுத்து, வடிகட்டாமல் மூடி வைத்திருந்த புட்டியிலும் அதே வண்டல் இறங்கியிருந்தது. அந்தப் புட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால், மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுத்து “இரும்பு மிகக் குறைவு” என்று அறிக்கை தந்திருப்பார்கள்.

நடப்பது இதுதான். ஆழத்தில் காற்றுப் படாத நீரில் இரும்பு நிறமற்ற இரும வடிவத்தில் கரைந்திருக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டவுடன் மும்ம வடிவத்துக்கு மாறி, நீரில் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிகிறது. படியும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. லிட்டருக்கு 1 மி.கி. இரும இரும்பு இப்படிப் படியும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 1.8 மி.கி. காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் கையிருப்பை, தின்றுவிடும். நீரில் 20 மி.கி. இரும்பும் 30 மி.கி. காரத்தன்மையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படும் காரத்தன்மை 36, கையிருப்பு 30. ஆகவே களத்தில் 6.3 காட்டிய நீர், மூன்று நாள் கழித்து ஆய்வகத்தில் 4க்கு அருகே போகலாம். இரண்டு அளவுகளும் உண்மையானவைதான் என்றாலும், அவை ஒரே நீரின் இரண்டு வேறு நிலைகளைச் சொல்கின்றன. பதிவேட்டில் களத்து அளவே பிஎச் என்று போக வேண்டும்.

எதிர்த்திசையிலும் வேறுபாடு வரும். ஆழத்து நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, வாளியில் விழும்போதே வெளியேறுவதால் பிஎச் ஏறும். ஆகவே ஆய்வகத்து அளவு கூடியிருந்து, புட்டியில் வண்டலும் இல்லையென்றால் வாயு வெளியேறியது காரணம். குறைந்திருந்து செவ்வண்டலும் இருந்தால் இரும்பு காரணம். இரண்டுக்கும் மருந்து, பம்ப் குழாயிலிருந்து நீரை நேராகச் சிறு மூடிய கலத்துக்குள் விட்டு, காற்றுப் படாமல் அளப்பதுதான்.

உலோகங்களுக்கான மாதிரியை அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிஎச் 2க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் காரியம் கெட்டது: முதலில் அமிலம் விட்டுப் பிறகு வடித்தால், மிதந்துகொண்டிருந்த மண்துகளிலிருந்த இரும்பும் அலுமினியமும் கரைந்து, “கரைந்த உலோகம்” என்ற பெயரில் எண்ணில் ஏறிவிடும். காரத்தன்மைக்கும் சல்பேட்டுக்கும் அமிலம் விடாத தனிப் புட்டி வேண்டும்.

செங்காவியைக் கண்டவுடன் அது சுரங்கத்தால் வந்தது என்று எழுதிவிடவும் கூடாது. காற்றுப் படாத ஆழத்து மணற்படுகை நீரில் இரும்பு இயற்கையாகவே இருக்கும். கிணற்றுத் துளைக்குள் இறக்கிய பழைய இரும்பு கேசிங் குழாய் துருப்பிடித்தாலும் இரும்பு வரும், அப்போது குழாயின் உட்சுவரில் வழவழப்பான பாசிபோன்ற படலமும் இருக்கலாம். இரும்பு மிகுந்து சல்பேட் குறைவாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்று என்று கொள்ளலாம். இரும்பும் சல்பேட்டும் சேர்ந்து மிகுந்திருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பிஎச் 7ஐ ஒட்டியே நிற்கிறது, ஆனால் சல்பேட் ஆண்டுக்காண்டு ஏறுகிறது

இந்த வழிமுறையில் மிக முக்கியமான அறிகுறி இது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் எளிதில் தவறவிடப்படுவதும் இதுவே. சுரங்கம் என்றால் அமில நீர், அமில நீர் என்றால் பிஎச் குறைவு என்று எண்ணி, பிஎச் சரியாக இருப்பதைக் கண்டதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். நிலக்கரியிலும் அதன்மேல் இருந்து தோண்டிக் கொட்டப்பட்ட மேல்மண்ணிலும் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருக்குமானால், காற்றும் மழையும் படும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிறது. வழியிலுள்ள சுண்ணாம்புப் பொருள் அமிலத்தை நடுநிலையாக்கிவிடலாம். இரும்பு வழியிலேயே படிந்துவிடலாம். சல்பேட் மட்டும் பெரும்பாலும் எதிலும் சிக்காமல் நீரோடு வந்துகொண்டேயிருக்கும். ஆகவே பைரைட் கரைவதை முதலில் சொல்வது சல்பேட்தான். சுண்ணாம்பின் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் பிஎச் விழத் தொடங்கும், அப்போது காலம் கடந்திருக்கும்.

ஆனால் சல்பேட் வருவதற்கு வேறு வழிகளும் இந்த மண்ணில் உண்டு, அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். முதலாவது கடல். கடல்நீரில் எடைக் கணக்கில் சல்பேட்டுக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம் சுமார் 0.14. உங்கள் கிணற்றில் குளோரைடு 300 மி.கி. என்றால், அது முழுவதும் கடலிலிருந்தே வந்திருந்தாலும் சல்பேட் 42 மி.கி.தான் இருக்க முடியும்; மீதிக்கு வேறு ஊற்று வேண்டும். இரண்டாவது உரம். அம்மோனியம் சல்பேட், ஜிப்சம், சூப்பர் பாஸ்பேட் ஆகியவை எல்லாமே சல்பேட்டைத் தருபவை. உரத்தால் வந்த சல்பேட்டோடு நைட்ரேட்டும் பொட்டாசியமும் பெரும்பாலும் சேர்ந்து ஏறும். உரமிட்டுத் தண்ணீர் பாய்ச்சிய வாரங்களில் திடீரென்று உயர்ந்து பிறகு தணியும். மேல்மண் மேட்டிலிருந்து கசிவது அப்படிப் பட்டென்று ஏறி இறங்காமல், பருவந்தோறும் சற்றுச் சற்றாகக் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது, அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பல் குளத்திலிருந்து கசியும் நீரில் சல்பேட்டோடு போரானும் சேர்ந்து வருவது வழக்கம் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது போரானை அளக்கச் சொல்லுங்கள். சுரங்கமும் மின்நிலையமும் அருகருகே இருக்கும் நெய்வேலியில், போரான் அளவு இல்லாமல் இவ்விரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம்.

சல்பேட் குறைந்திருப்பதும் ஏமாற்றக்கூடும். நிலக்கரிப் படிவத்தை ஒட்டிய நீரில், காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடும். பம்ப்பைப் போட்டதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதைப் பதிவேட்டில் கட்டாயம் எழுதுங்கள். பிறகு வரும் குறைந்த சல்பேட் எண்ணுக்கு அந்த ஒரு வரியே விளக்கம்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500:2012, சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மி.கி. என்பதை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 400 மி.கி. என்பதை மேல்வரம்பாகவும் வைக்கிறது. 60இலிருந்து 150க்கு ஏறிய கிணறு அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. எனினும் அந்த ஏற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே கண்காணிப்பு நடக்கிறது.

அறிகுறி: இரண்டு மீட்டர்கள் ஒரே நீருக்கு வேறு வேறு மின்கடத்துத்திறன் காட்டுகின்றன

பெரும்பாலும் வெப்பநிலைத் திருத்தம்தான் காரணம். கரைந்த உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்துத்திறன், வெப்பநிலை ஒரு டிகிரி கூடினாலும் சுமார் 2 சதவீதம் ஏறும். 25 டிகிரிக்குத் திருத்தும் மீட்டரும் திருத்தாத மீட்டரும் 32 டிகிரி நீரில் 14 சதவீதம் விலகி நிற்கும். ஆழத்திலிருந்து வெதுவெதுப்பாக வரும் நீரில் இந்த விலகல் இன்னும் கூடும். டிடிஎஸ் (நீரில் கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) மட்டும் காட்டும் மலிவான மீட்டர்கள், மின்கடத்துத்திறனை ஏதோ ஒரு கெழுவால் பெருக்கியே அந்த எண்ணைத் தருகின்றன. கெழு தெரியாத மீட்டரின் டிடிஎஸ்ஸை ஆய்வகத்து டிடிஎஸ்ஸோடு ஒப்பிடாதீர்கள்.

அறிகுறி: சுரங்க நீர் கலக்கும் இடத்துக்கு மேலே உள்ள நீர், கீழே உள்ள நீரைவிட மோசமாக இருக்கிறது

முதலில் புட்டிகளின் லேபிள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். களத்தில் எழுதிய மின்கடத்துத்திறனை ஆய்வகத்து எண்ணோடு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். லேபிள் சரியாக இருந்தால், மேல் புள்ளி என்று நீங்கள் வைத்திருக்கும் இடம் உண்மையிலேயே மேல் புள்ளிதானா என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நெய்வேலியில் இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமாகாது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் வாய்க்கால் 2023 ஜூலையில் வளையமாதேவிப் பகுதியில், நின்ற பயிருக்கு நடுவே வெட்டப்பட்டது. ஆற்றின் தடமே இப்படி மாறும் ஊரில், பத்தாண்டுக்கு முன் குறித்த புள்ளியின் பெயர் அப்படியே இருக்க, அங்கே ஓடும் நீர் வேறாகிவிட்டிருக்கலாம். தடம் மாறிய தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரைகோட்டில் இணைக்காமல், இரண்டு தொடர்களாகப் பிரித்து வையுங்கள்.

இடமும் சரியென்றால், மேலே கழிவுநீரோ வயல் வடிகாலோ கலக்கிறது, கீழே சுரங்கத்திலிருந்து வரும் உப்புக் குறைந்த ஆழத்து நீர் அதை நீர்த்துப்போகச் செய்கிறது என்பதும் நடக்கக்கூடியதே. நீர்த்துப்போவதால் கீழே சுத்தமாகிவிட்டது என்று பொருளாகாது. மொத்தப் பளுவைக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். மேல் புள்ளியில் நொடிக்கு 50 லிட்டர் ஓட்டத்தில் சல்பேட் 100 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 432 கிலோ. கீழ் புள்ளியில் நொடிக்கு 400 லிட்டர் ஓட்டத்தில் 40 மி.கி. என்றால் ஏறத்தாழ 1,382 கிலோ. செறிவு பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது, ஆனால் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 950 கிலோ எங்கிருந்தோ சேர்ந்திருக்கிறது. ஓட்டத்தை அளக்காமல் எடுத்த ஓடை மாதிரி பாதி வேலைதான். ஓட்டமானி இல்லாவிட்டால் மதகில் நீர் உயரத்தையாவது அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு கிளை உண்டு. கோடை முழுவதும் மேல்மண் மேட்டில் சேர்ந்த உப்பை முதல் கனமழை ஒரே வீச்சில் கழுவிக் கொண்டுவரும். அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிட்டு, மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்று நாள் வைத்து எடுத்தால், ஆண்டு முழுவதும் நல்ல எண்களே வந்துகொண்டிருக்கும். அட்டவணை மாதிரிகளோடு, பருவத்தின் முதல் இரண்டு மழைகளுக்குத் தனியே ஆள் போட்டு எடுப்பது அவசியம்.

அறிகுறி: நீர்மட்டக் கருவியின் வரைபடம் நாளுக்கு இரண்டு முறை அலைபோல் ஏறி இறங்குகிறது

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சத்துக்கும், மாலை 4 மணி, விடியற்காலை 4 மணி வாக்கில் தாழ்வுக்கும் போய் வரும்; வேறுபாடு 3, 4 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 1 செ.மீ. நீருக்குச் சமம். கிணற்றுக்குள் தொங்கி மட்டத்தைத் தானாகப் பதியும் மூடிய லாகர், நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே படிப்பதால், இந்த 3, 4 செ.மீ. அலை அதில் விழுகிறது. கிணற்றின் வாய்க்கருகே இன்னொரு லாகரைக் காற்றில் தொங்கவிட்டு, அதன் எண்ணைக் கழித்துப் பாருங்கள். அலை முழுவதும் மறைந்தால் கதை முடிந்தது.

கழித்த பிறகும் சிறிய அலை தலைகீழாக, அதாவது காற்றழுத்தம் ஏறும்போது நீர் இறங்கும்படி எஞ்சி நின்றால் அது கருவியின் பிழையாகாது. மேலே களிமண்ணால் மூடப்பட்டு அழுத்தத்தில் இருக்கும் படுகையின் இயல்பு அது. உங்கள் நோக்குக் கிணறு (கண்காணிப்புக்கென வைத்த கிணறு) உண்மையிலேயே நிலக்கரிக்கு அடியிலுள்ள அழுத்தப் படுகையைத்தான் தொடுகிறது என்பதற்கு அந்தத் தலைகீழ் அலை ஒரு நல்ல சான்று. அதை மென்மையாக்கி அழித்துவிடாதீர்கள்.

அலைக்குப் பதிலாக ரம்பப்பல் போன்ற வடிவம் வந்தால், பக்கத்து வயல்களில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் சரியத் தொடங்கி, போனதும் மீண்டால் விவசாய போர்களின் தாக்கம் அது. சுரங்கத்தின் அழுத்தக் குறைப்பு பம்ப்கள் இடைவிடாமல் ஓடுபவை. ஆகவே அவற்றின் தாக்கம் நாளுக்குநாள் ஏறி இறங்கும் வடிவில் வராது. மாதக்கணக்கில் மெல்லச் சரியும். பராமரிப்புக்காகப் பம்ப் நின்றால் மட்டும் எதிர்பாராத நாளில் மட்டம் எழும். “நாங்கள் இறைக்கவில்லை, விவசாயிகள்தான் இறைக்கிறார்கள்” என்ற வாதமும், “விவசாயிக்கு இதில் பங்கே இல்லை” என்ற வாதமும் எழும்போது, மணிக்கொருமுறை பதிவான வரைபடம் இரண்டையும் தனித்தனியே காட்டிவிடும். மாதத்துக்கு ஒருமுறை டேப் விட்டு அளந்த எண்களால் இது முடியாது.

அறிகுறி: ஒரே இரவில் மட்டம் அரை மீட்டர் தாவியிருக்கிறது

ஒருமுறை ஒரு நோக்குக் கிணற்றில் மட்டம் 40 செ.மீ. உயர்ந்து, அதற்கு அடுத்த மாதங்களிலும் உயர்ந்தபடியே நின்றது. நிலத்தடி நீர் மீள்கிறது என்று ஒரு கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டினார்கள். நான் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தபோது, உடைந்த மூடியைச் சரிசெய்ய வந்தவர்கள் கேசிங் பைப்பின் மேல்விளிம்பை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக அறுத்துவிட்டுப் புது மூடி போட்டிருந்தார்கள். அறுத்த இடம் பளபளவென்று புதிதாக இருந்தது. விளிம்பிலிருந்து நீர் வரைக்கும் அளக்கிறோம். விளிம்பு 40 செ.மீ. இறங்கினால் அளவும் 40 செ.மீ. குறையும், நீர் அங்கேயேதான் இருக்கும்.

எனவே தாவலைக் கண்டதும் விளிம்பு, லாகர் கேபிளின் முடிச்சு, கேபிள் வழுக்கிய தடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். டேப்பில் கையால் ஓர் அளவு எடுத்து, லாகர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். அளக்கும் புள்ளியை விளிம்பில் அழியாத பெயிண்டால் குறித்து, அதன் உயரத்தைக் கடல்மட்டக் கணக்கில் சர்வே செய்து வைத்திருந்தால், விளிம்பு அறுபட்டாலும் பழைய எண்கள் பிழைக்கும். இவை எதிலும் குறையில்லை என்றால்தான் பம்ப் நிறுத்தம், புதிய போர், கனமழை ஆகியவற்றை விசாரிக்க வேண்டும்.

அறிகுறி: பக்கத்து வெட்டுக் கிணற்றில் நீர் நிற்கிறது, ஆழ்துளைக் கிணற்றில் மட்டம் சரிகிறது

இதில் பிழையே இல்லாதிருக்கலாம். வெட்டுக் கிணறு மேற்படுகையைத் தொடுகிறது, ஆழ்துளை அடிப்படுகையைத் தொடுகிறது. நடுவே களிமண் இருக்கும்வரை இரண்டும் வேறு வேறு நீர். மேற்படுகையை அளந்துவிட்டு அடிப்படுகையில் பாதிப்பில்லை என்று சொல்வதும், அடிப்படுகையை அளந்துவிட்டு மேற்படுகை வற்றிவிட்டது என்று சொல்வதும் ஒரே மாதிரியான தவறுகள். சிக்கல் வருவது, ஒரே ஆழ்துளையில் இரண்டு படுகைகளிலும், நீர் உள்ளே நுழையும் துளைகள் கொண்ட வடிப்புக் குழாய் வைத்திருக்கும்போது. அங்கே மேல்நீர் துளை வழியாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். மட்டமும் தரமும் இரண்டின் கலவையாக இருக்கும். துளை போட்டபோது எழுதிய மண்ணடுக்குக் குறிப்பைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் மின்கடத்துத்திறன் மானியைக் கேபிளில் கட்டி மீட்டர் மீட்டராக இறக்கிப் பாருங்கள். எண் சட்டென்று மாறும் ஆழங்களில் வெவ்வேறு நீர் நுழைகிறது. அத்தகைய கிணற்றைக் கண்காணிப்புத் தொடரிலிருந்து விலக்கிவிடுவதே சரி.

அறிகுறி: எவ்வளவு இறைத்தாலும் ஆழ்துளை நீர் கலங்கலாகவே வருகிறது

இறைக்கும் வேகத்தைக் குறையுங்கள். பல இடங்களில் இதுவே போதும். எவ்வளவு இறைக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 100 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு 7.85 லிட்டர் நிற்கும்; 30 மீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 236 லிட்டர், மூன்று மடங்கு என்ற வழக்கமான கணக்குப்படி 700 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் எண்ணிக்கை நிறைந்தாலும், ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகளில் பிஎச் 0.1க்குள்ளும் மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்ற பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். கலங்கலான மாதிரியில் மொத்த அலுமினியமும் மொத்த இரும்பும் எகிறி நின்றால் அது பெரும்பாலும் களிமண்.

அறிகுறி: ஆய்வக அறிக்கையில் எல்லா எண்களும் நம்பும்படி இருக்கின்றன, ஆனால் கூட்டினால் பொருந்தவில்லை

நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்து, யாரையும் கேட்காமல் அறிக்கையைச் சோதித்துவிடலாம். கணக்குக்காக நான் அமைத்த எடுத்துக்காட்டு இது. கால்சியம் 48, மக்னீசியம் 18, சோடியம் 92, பொட்டாசியம் 5 மி.கி. என்றால் ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் (அயனியின் எடையை மின்னூட்ட எண்ணால் வகுத்தது) வகுத்துக் கூட்ட 8.01 மில்லி சமானம் வரும். பைகார்பனேட் 183, குளோரைடு 106, சல்பேட் 38, நைட்ரேட் 10 என்றால் 6.94 வரும். வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். 5 சதவீதத்தைத் தாண்டினால் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். களத்து மின்கடத்துத்திறன் 800 மைக்ரோசீமன்ஸ் என்று இருந்தால், அதை 100ஆல் வகுத்த 8 என்ற எண் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையோடு பொருந்துகிறது. ஆகவே குறை எதிர்மின் பக்கம் இருக்கிறது. சல்பேட் 88 என்பதை யாரோ 38 என்று தட்டச்சு செய்திருந்தால் கணக்கு நேராகிவிடும். கேட்டுப் பாருங்கள்.

காரத்தன்மையில் இன்னொரு பொறி இருக்கிறது. கால்சியம் கார்பனேட் கணக்கில் 150 என்பதும் பைகார்பனேட் கணக்கில் 183 என்பதும் ஒன்றே. அறிக்கையிலுள்ள 150ஐ அப்படியே பைகார்பனேட் என்று பதிந்துவிட்டால் அரை மில்லி சமானத்துக்கு மேல் காணாமல் போகும். நைட்ரேட்டை நைட்ரஜனாகத் தரும் ஆய்வகங்களும் உண்டு, 4.43ஆல் பெருக்க வேண்டும். 45 என்ற குடிநீர் வரம்பு நைட்ரேட்டுக்கானது என்பதால், நைட்ரஜன் கணக்கில் வந்த 11ஐப் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து.

அறிகுறி: பாதரசம் “கண்டறியப்படவில்லை” என்றே எல்லா அறிக்கையும் சொல்கிறது, அல்லது வெற்றுப் புட்டியிலேயே பாதரசம் இருக்கிறது

குடிநீரில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மி.கி. ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை 0.005 என்றால், வரம்பைப்போல் நான்கு மடங்கு பாதரசம் இருந்தாலும் “கண்டறியப்படவில்லை” என்றே அறிக்கை வரும். மாதிரியை ஒப்படைக்கும் முன்பே கண்டறியும் எல்லையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது வரம்பில் பத்தில் ஒரு பங்காக, 0.0001 அளவுக்கு இருந்தால் நல்லது. அறிக்கையைப் பதியும்போது “இல்லை” என்றோ பூஜ்யம் என்றோ எழுதாமல், “0.005க்குக் கீழ்” என்று எல்லையோடு எழுதுங்கள்.

வெற்றுப் புட்டி என்பது, மாதிரி எடுக்கும் அதே இடத்துக்குத் தூய நீரைக் கொண்டுபோய், அதே வடிகட்டி, அதே அமிலம், அதே கையுறையோடு நிரப்பி அனுப்புவது. அதில் பாதரசமோ துத்தநாகமோ வந்தால், அன்றைய மாதிரிகளில் அந்த உலோகத்தின் எண் எதையும் பயன்படுத்தக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்க அமிலத்தை மட்டும் ஒரு புட்டியிலும், வடிகட்டி வழியே வந்த நீரை மட்டும் இன்னொரு புட்டியிலும், திறக்காமல் கொண்டுபோய்க் கொண்டுவந்த நீரை மூன்றாவது புட்டியிலும் அனுப்புங்கள். மூன்றில் எதில் உலோகம் இருக்கிறதோ அதை மாற்றிவிட்டு, அதே வாரத்தில் அதே கிணறுகளுக்கு மறுபடி போய் எடுத்துவர வேண்டும். முதல் முறை எடுத்த எண்கள் பதிவேட்டில் ஒற்றைக் கோட்டோடு அப்படியே இருக்கட்டும்.